ரெண்டர் கைநழுவினால் என்ன செய்வது? அரச சேவை ஒப்பந்தத் தீர்மானத்தைக் கேள்வி கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணை, எங்கட விலைதான் ஆகக் குறைவு. பேந்து எப்பிடி அவைக்குக் குடுத்தவை?"

இந்தக் கேள்வியோடு என் வீட்டு விறாந்தையில் வந்து குந்தாத ஒப்பந்தகாரர் குறைவு. துப்புரவு வேலை எடுப்பவர், காவலாளிகளை அனுப்புபவர், கந்தோர்களுக்கு வான் வாடகைக்கு விடுபவர், விடுதிக்குச் சாப்பாடு கொடுப்பவர் என்று எல்லார் கையிலும் ஒரே மாதிரியான கடிதம் இருக்கும். விலைமனு தெரிவாகவில்லை என்று ஒரு வசனம், கீழே ஒரு கையெழுத்து, ஒரு றப்பர் முத்திரை. காரணம் இராது.

அரச கணக்குக் கிளையில் இருந்த காலத்தில் மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்து, அந்தக் கடிதங்களைத் தட்டச்சுக்குக் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு மேசையின் மற்றப் பக்கத்துக்கு வந்து, சிறு ஒப்பந்தகாரரின் விலைமனுக்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெளிந்தது ஒன்று: தோற்றவர்களில் கனபேர் பிழையான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எங்கட விலை குறைவு" என்பது முறைப்பாடு அல்ல. "நீங்கள் எழுதிவைத்த நிபந்தனை இது, நீங்கள் செய்த மதிப்பீடு இது" என்று இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால் அது முறைப்பாடு.

தீர்மானிப்பது யார், எந்த விதிப்படி

அரசாங்கம் பொருளோ வேலையோ சேவையோ வாங்குவதை இலங்கையில் 'பெறுகை' என்கிறோம். நெடுங்காலம் 2006ஆம் ஆண்டு வழிகாட்டல்கள்தான் வேதவாக்காக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்த ஆணைக்குழுவே அரசியலமைப்போடு ஏறி இறங்கிய ஒன்று. 2015இல் 19ஆவது திருத்தத்தால் பிறந்தது, 2020இல் 20ஆவது திருத்தத்தால் இல்லாமல் போனது, 2022இல் 21ஆவது திருத்தத்தால் திரும்பி வந்தது. உங்கள் அலுமாரியில் 2006ஆம் ஆண்டுப் புத்தகத்தின் போட்டோக்கொப்பி இருந்தால் அதிலிருந்து பந்தி எண்ணை எடுத்து முறைப்பாடு எழுதப் போகாதீர்கள். பழைய விதியைக் காட்டினால் முதல் பக்கத்திலேயே உங்களை மடக்கிவிடுவார்கள்.

தீர்மானம் இரண்டு அடுக்கில் நடக்கிறது. மதிப்பீட்டுக் குழு விலைமனுக்களை ஆராய்ந்து சிபாரிசு செய்யும். பெறுகைக் குழு அதைப் பார்த்து முடிவெடுக்கும். பெறுமதி கூடக்கூட அந்தப் பெறுகைக் குழு திணைக்களத்திலிருந்து அமைச்சுக்கும், பிறகு அமைச்சரவை நியமிக்கும் குழுவுக்கும் போகும். எங்கள் பக்கத்துச் சேவை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை கீழ் மட்டத்திலேயே முடிந்துவிடும்: பிரதேச சபை, மாவட்டச் செயலகம், வைத்தியசாலை, கைதடியில் உள்ள மாகாண அலுவலகங்கள். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் பணத்தில் நடக்கும் திட்டமென்றால் அந்த வங்கியின் பெறுகை விதிகளே மேலோங்கும். முறைப்பாட்டு வழியும் அவர்களுடையதே. முதல் வேலையாக, காசு எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள்.

முதலாம் படி: பெட்டி மூடும் முன்னரே சண்டையைத் தொடங்குங்கள்

விலைமனு ஆவணத்தை வாங்கினால் எங்கள் ஆட்கள் நேரே விலைப்பட்டியலுக்குத்தான் போவார்கள். அதற்கு முன்னால் இருக்கும் அறிவுறுத்தல்கள், தகைமை நிபந்தனைகள், மதிப்பீட்டு அளவுகோல்கள் ஆகிய மூன்றும்தான் பிறகு உங்கள் ஆயுதம். ஆவணம் ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டுமாவது யாரிடமாவது கொடுத்து வரி வரியாகச் சொல்லச் செய்து கேளுங்கள். தெரியாத மொழியில் கையெழுத்து வைத்தேன் என்பதை எந்தக் குழுவும் காரணமாக எடுக்காது.

மங்கலான சொல் ஏதும் கண்ணில் பட்டால், விளக்கம் கேட்க ஆவணத்தில் குறித்திருக்கும் கடைசித் திகதிக்கு முன்னர் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டு, "அது பரவாயில்லை, போடுங்கோ" என்று யாரோ சொன்னதை நம்பிப் போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். எழுத்தில் கேட்டால், பதிலை ஆவணம் வாங்கிய எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் நிபந்தனையின் பகுதியாகிவிடும்.

எனக்கே நடந்த ஒரு கதை உண்டு. கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு தங்கச்சி துப்புரவுச் சேவை நடத்துகிறார். ஓர் அரச நிறுவனத்துக்கு 14 துப்புரவுப் பணியாளர்களை வழங்கும் ரெண்டர். தகைமையில் "கடந்த 3 ஆண்டுகளில் இதையொத்த சேவை" என்று இருந்தது. அவர் வங்கிக் கிளைகளும் ஒரு தனியார் கல்லூரியும் துப்புரவு செய்த சான்றிதழ்களை வைத்தார். நான்தான் பைலைக் கட்டிக் கொடுத்தேன். "இதையொத்த" என்றால் என்ன என்று கேட்கவேண்டும் என அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் பிறகு எல்லாம் நின்றது. மிச்சக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஒருவருக்கு மட்டுமே பொருந்தும்படி தைத்த சட்டைபோல நிபந்தனை இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். வாய் மூடிப் போட்டுவிட்டு, தோற்றபிறகு நிபந்தனை பிழை என்றால், "பிழையென்று தெரிந்தும் ஏன் போட்டியிட்டீர்கள்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

இரண்டாம் படி: திறப்புக்கு ஒரு கொப்பியோடு போங்கள்

விலைமனுப் பெட்டி மூடியவுடன் திறப்பு நடக்கும். அங்கே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பாதிப்பேர் உறையைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் போகும்போது ஒரு ஒற்றைறூள் கொப்பி கொண்டுபோவேன். மின்விசிறி கடகடவென்று சுற்ற, ஒருவர் உறைகளைக் கிழிப்பார், ஒருவர் வாசிப்பார், மற்றவர் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடுவார். வாசிப்பவர் வேகமாக வாசித்தால், "ஐயா, ஒருக்கா திருப்பி வாசியுங்கோ" என்று கேட்பதில் தவறே இல்லை. நான் எழுதிக்கொள்வது: யார் யார் போட்டார்கள், வாசித்த மொத்த விலை, கழிவு ஏதும் சொன்னார்களா, விலைமனுப் பிணை (போட்டவர் பின்வாங்கமாட்டார் என்பதற்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதம்) இருந்ததா, எந்த வங்கி, எந்தத் திகதிவரை செல்லும், விலைமனுப் படிவத்தில் கையெழுத்து இருந்ததா.

கழிவு விடயம் முக்கியமானது. திறப்பின்போது வாசிக்கப்படாத கழிவை மதிப்பீட்டில் கணக்கெடுக்கக் கூடாது. வாசித்தபோது இரண்டாம் இடத்தில் இருந்தவர், முடிவு வரும்போது ஏதோ கழிவால் முதலாம் இடத்துக்கு வந்திருந்தால், உங்கள் கொப்பிதான் சாட்சி. நேரம் பிந்தி வந்த உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும். மூடும் நேரத்துக்குப் பிறகு யாராவது உறையோடு படியேறினால் மணிக்கூட்டைப் பார்த்து அந்த நேரத்தை எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: கடிதம் வந்த நாளை எழுதிவைத்து, காரணம் கேளுங்கள்

கடித உறையைக் குப்பையில் போடாதீர்கள். தபால் முத்திரைத் திகதிதான் உங்கள் மணிக்கூடு. மேன்முறையீட்டுக்கு நாள் மிகக் குறைவு. எத்தனை நாள், யாருக்கு எழுத வேண்டும், கட்டணமோ வைப்புப் பணமோ உண்டா என்பதெல்லாம் விலைமனு ஆவணத்தின் அறிவுறுத்தல்களிலும் அந்தக் கடிதத்திலும் இருக்கும். மட்டத்துக்கு மட்டம் அது மாறும் என்பதால் பக்கத்து வீட்டு ஒப்பந்தகாரர் போன வருடம் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள். உலக வங்கித் திட்டங்களில் முடிவை அறிவித்ததற்கும் ஒப்பந்தம் கைச்சாத்திடுவதற்கும் இடையே குறைந்தது 10 வேலை நாள் பொறுத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நம்மூர் வழக்கிலும் ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன் உங்கள் கடிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

முதல் கடிதத்தில் சண்டை வேண்டாம். "எமது விலைமனு தெரிவுசெய்யப்படாமைக்கான காரணங்களை அறியத்தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கின்றோம்" என்று இரண்டு வரி போதும். தோற்றவருக்குக் காரணம் சொல்ல வேண்டியது பெறுகை முறையிலேயே உள்ள கடமை. கையில் கொடுத்து, பிரதியில் 'கிடைத்தது' முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை அடிக்க மறுத்தால் அன்றே பதிவுத்தபால். மின்னஞ்சலும் அனுப்புங்கள். காரணம் வரும்வரை மேன்முறையீட்டு நாள் நிற்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நாள் ஓடுமானால், காரணம் வராமலே கையில் உள்ளதை வைத்து எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: பிழை எந்த வகை?

காரணம் வந்ததும் அதை விலைமனு ஆவணத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நான் கண்ட வழக்குகளில் வெல்லக்கூடியவை நாலைந்து வகைதான்.

எழுதாத அளவுகோலை வைத்து மதிப்பிடுவது முதல் வகை. கோப்பாய்த் தங்கச்சிக்கு வந்த காரணம்: "வைத்தியசாலைத் துப்புரவு அனுபவம் இல்லை." ஆவணத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். வைத்தியசாலை என்ற சொல் தகைமைப் பகுதியில் எங்கேயும் இல்லை. "இதையொத்த சேவை" என்றுதான் இருந்தது. குழுவுக்கு வைத்தியசாலை அனுபவம் தேவைப்பட்டிருந்தால் அதைக் கேட்டிருக்கலாம், அது நியாயமான தேவையும்கூட. ஆனால் பெட்டி மூடியபிறகு சேர்க்க முடியாது.

ஒரே குறைக்கு இரண்டு தராசு வைப்பது இரண்டாவது. விலைமனுவில் இருக்கும் குறைகள் எல்லாம் ஒன்றல்ல. வணிகப் பதிவின் ஒரு பிரதி விடுபட்டால் அது சின்ன விலகல், குழு கேட்டு வாங்கலாம். பிணை இல்லை, படிவத்தில் கையெழுத்து இல்லை என்றால் பெரிய விலகல், அப்படியே தள்ளவேண்டியதுதான். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தமென்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி 'பிசிஏ 3' பதிவுச் சான்றிதழ் வேண்டும். இதை மறந்து தோற்ற ஆட்களை எண்ணினால் என் கொப்பி போதாது, அவர்களுக்காக நான் மேன்முறையீடு எழுதுவதுமில்லை. ஆனால் உங்களுக்குப் பிரதி விடுபட்டபோது தள்ளிவிட்டு, வென்றவருக்கு விடுபட்டபோது தொலைபேசி எடுத்துக் கேட்டு வாங்கியிருந்தால் அது வேறு கதை. குறை சின்னதா பெரிதா என்று வாதாடாதீர்கள். இருவருக்கும் ஒரே அளவு வைத்தீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

கணக்குப் பிழை மூன்றாவது. அலகு விலைக்கும் மொத்தத்துக்கும் இடையே முரண் இருந்தால் வழமையாக அலகு விலையே நிற்கும். எண்ணுக்கும் எழுத்துக்கும் முரண் என்றால் எழுத்தில் உள்ளது நிற்கும். வற் வரியைச் சேர்த்து ஒருவரையும் சேர்க்காமல் மற்றவரையும் ஒப்பிட்டுவிடுவதும் நடக்கிறது. பொதுவாக வற் நீக்கித்தான் ஒப்பீடு. 18 வீதம் சின்னத் தொகை அல்ல, ஆட்களின் வரிசையையே மாற்றிவிடும்.

ஆலோசனைச் சேவைகளில் தொழினுட்பத்துக்கும் விலைக்கும் தனித்தனிப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். அங்கே 'எனக்கு ஏன் 72, அவருக்கு ஏன் 81' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. அது குழுவின் அபிப்பிராயம். ஆவணத்தில் சொன்ன நிறை மாறியதா, சொல்லாத உபபிரிவு புகுந்ததா என்று பாருங்கள்.

அடிமட்ட விலை: இதற்கு ஒரு கல்குலேற்றர் வேண்டும்

எனக்கு மனம் அதிகம் வெதும்புவது இந்த வகையில்தான். துப்புரவும் காவலும் ஆட்கூலியில் நிற்கும் தொழில். அங்கே விலையைக் குறைக்க ஒரே வழி, ஆளின் வயிற்றில் அடிப்பது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதன்மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 3,600 ரூபா கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. ஆக ஓர் ஆளுக்கு 34,500. 14 பேருக்கு மாதம் 483,000. இதில் சவர்க்காரத் தூளும் இல்லை, துடைப்பமும் இல்லை, லீவில் போகிறவருக்குப் பதில் ஆளும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை, உங்கள் இலாபமும் இல்லை. இப்போது ஒருவர் மாதம் 430,000 என்று போட்டு வென்றிருக்கிறார் என்று வையுங்கள். ஓர் ஆளுக்கு 30,714 ரூபாதான் வருகிறது. சட்டம் கேட்கும் தொகைக்கே 3,786 ரூபா குறைவு. அந்தக் குறையை யார் நிரப்புவது? 14 பேரைக் கணக்கில் காட்டி 10 பேரை அனுப்புவார்கள். அல்லது சேமலாப நிதி கட்டாமல் விடுவார்கள். விடிய ஐந்தரைக்கு சைக்கிளில் வந்து கழிவறை கழுவுகிற பெண்ணுக்குத் தன் கணக்கில் காசு விழவில்லை என்பது வேலையை விடும்போதுதான் தெரியவரும்.

ஆனால் இதை முறைப்பாடாக எழுதும்போது கவனம். விலை குறைவு என்பதற்காகவே ஒருவரைத் தள்ள முடியாது. தாங்க முடியாத அளவுக்குக் குறைந்த விலையென்றால் குழு அவரிடம் விலைப் பகுப்பாய்வு கேட்டு, இந்த விலையில் எப்படிச் செய்வீர்கள் என்று விளக்கம் பெறவேண்டும். ஆகவே உங்கள் கேள்வி, "ஆகக்குறைந்த சம்பளச் சட்டத்தின்படி கணக்கிட்டால் இத்தொகை போதாது. இது பற்றி விளக்கம் கோரப்பட்டதா?" என்பதாக இருக்கட்டும். காவல் சேவை என்றால் இன்னொன்றும் பாருங்கள். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். வென்றவரின் பதிவு மூடும் திகதியன்று செல்லுபடியாக இருந்ததா?

ஐந்தாம் படி: ஒரே பக்கத்தில் மேன்முறையீடு

கோப்பாய்த் தங்கச்சிக்காக நான் எழுதிய முதல் வரைவு நாலு பக்கம். அநியாயம், பாரபட்சம், மேலிடத்துச் செல்வாக்கு, சிறு முயற்சியாளரின் கண்ணீர் எல்லாம் இருந்தது. இரவு திருப்பி வாசித்தேன். குழுவில் இருந்த காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால் நானே, "ஆள் கோபத்தில் எழுதியிருக்கிறார்" என்று பைலில் கோத்திருப்பேன். கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். இரண்டாவது இப்படித்தான் போனது:

"விலைமனு ஆவணத்தின் தகைமை நிபந்தனையில் 'கடந்த 3 ஆண்டுகளில் இதையொத்த சேவை' எனக் கேட்கப்பட்டுள்ளது. நாம் மூன்று சான்றிதழ்கள் இணைத்துள்ளோம். தங்கள் பதிலில் 'வைத்தியசாலைத் துப்புரவு அனுபவம் இல்லை' எனக் கூறப்பட்டுள்ளது. அத்தகைய நிபந்தனை ஆவணத்திலோ பின்னர் வந்த திருத்தத்திலோ இல்லை. ஆவணத்தில் குறித்த அளவுகோலின்படி மாத்திரம் எமது விலைமனுவை மீள மதிப்பிடுமாறும், அதுவரை ஒப்பந்தம் கைச்சாத்திடுவதை இடைநிறுத்துமாறும் கேட்டுக்கொள்கின்றோம்."

நிபந்தனை, நடந்தது, வேறுபாடு, வேண்டுகோள். இணைப்பாக அந்தப் பக்கத்தின் பிரதி, அவர்களின் பதில், சான்றிதழ்கள். ஒப்பந்தத்தை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்கவில்லை. அதைக் குழு செய்ய முடியாது, மீள மதிப்பிட முடியும். கேட்கக்கூடியதைக் கேட்டால்தான் கிடைக்கும்.

தேசிய பெறுகை ஆணைக்குழுவுக்குப் பிரதி அனுப்பலாமா என்று கனபேர் கேட்கிறார்கள். அனுப்பலாம். விதிமுறைக்கு வெளியே நடந்த பெறுகையை விசாரித்து, பொறுப்பான அலுவலர்களைப் பற்றி உரிய இடத்துக்கு அறிக்கை செய்யும் அதிகாரம் அதற்கு அரசியலமைப்பிலேயே உண்டு. ஆனால் உங்கள் மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம் அது அல்ல. அங்கே எழுதிவிட்டு இங்கே எழுதாமல் விட்டால் நாள் போய்விடும்.

இந்த நேரத்தில் இன்னொரு கடிதமும் வரக்கூடும்: விலைமனுவின் செல்லுபடிக் காலத்தை நீடிக்கச் சம்மதமா என்று. மறுத்தால் பிணைப் பணம் போகாது, ஆனால் போட்டியிலிருந்து வெளியே போய்விடுவீர்கள். முறைப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது இந்தக் கடிதத்தை மறந்து மேசையில் போட்டுவைத்தால் முறைப்பாட்டுக்கே அர்த்தம் இல்லாமல் போகும். விலையை மாற்றாமல் சம்மதம் எழுதி, வங்கிக்குப் போய்ப் பிணையின் திகதியையும் நீடியுங்கள்.

ஆறாம் படி: தகவலுக்கான உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் நல்ல ஆயுதம்தான், ஆனால் மெதுவாக வெட்டும். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து இன்னும் 14 நாள் எடுக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம், அதன்பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. இதற்குள் வென்றவர் வேலை தொடங்கி ஒரு சம்பளமும் கொடுத்திருப்பார். ஆகவே பெறுகை மேன்முறையீட்டுக்குப் பதிலாக இதைப் பிடிக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள்.

கேட்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விலைமனுத் திறப்பு அறிக்கை, மதிப்பீட்டு அறிக்கை, பெறுகைக் குழுவின் கூட்ட அறிக்கை, வென்றவர் தகைமை நிறைவுசெய்ததைக் காட்டும் பக்கங்கள். போட்டியாளரின் வணிக இரகசியம் என்று விலைப் பகுப்பாய்வை மறைப்பார்கள். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் சட்டப்படி தரலாம் என்று நீங்கள் எழுதலாம். விண்ணப்பம் தமிழில் இருந்தால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கம்பனி பெயரில் கேட்பதென்றால் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்காவது இலங்கைப் பிரசைகளாக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: நீதிமன்றம்

இது சட்டத்தரணியின் வேலை. நீங்கள் தெரிந்திருக்க வேண்டியது வாசலும் நாளும் மட்டுமே.

அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவம் தருகிறது. ஒரே நிபந்தனையை இருவருக்கு இரண்டு விதமாகப் பிரயோகித்தார்கள் என்றால் 126ஆவது உறுப்புரையின் கீழ் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி ரெண்டர் 2015இல் இந்த வழியாகத்தான் உயர் நீதிமன்றம் ஏறியது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணைக் காலம் கணக்கில் சேராது என்ற ஏற்பாடு உண்டு, யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. ஆனால் வெறும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சட்டத்தரணியிடம் முதல் வாரத்திலேயே போங்கள்.

தீர்மானத்தை வெறிதாக்கும் எழுத்தாணைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம். அதுவும் கொழும்புப் புதுக்கடையில்தான், இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கவேண்டும். மாகாண சபைக்குரிய விடயங்களில், உதாரணமாக ஒரு பிரதேச சபையின் தீர்மானமென்றால், மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் எழுத்தாணை அதிகாரம் இருக்கிறது. அது யாழ்ப்பாணத்திலேயே இருப்பது சிறு ஒப்பந்தகாரருக்குப் பெரிய ஆறுதல். எங்கே போனாலும் முதல் கேள்வி, "ஏன் பிந்தினீர்கள்?" என்பதாகவே இருக்கும். ஒப்பந்தம் கைச்சாத்தாகி வேலையும் தொடங்கிவிட்டால் நீதிமன்றம் தயங்கும்.

செலவையும் யோசியுங்கள். வருடத்துக்கு ஓரிரு இலட்சம் இலாபம் வரும் புல்லுவெட்டு ஒப்பந்தத்துக்குக் கொழும்பில் வழக்காடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கைவைக்கக் கூடாத இடம்

ஆதாரம் இல்லாமல் இலஞ்சம் என்று எழுதாதீர்கள். ஆதாரம் இருந்தால் அதன் இடம் வேறு: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. மதிப்பீட்டுப் பிழையையும் இலஞ்சக் குற்றச்சாட்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், நிரூபிக்க முடியாதது நிரூபிக்கக்கூடியதையும் இழுத்துக்கொண்டு தண்ணிக்குள் போகும். பாராளுமன்ற உறுப்பினரைக் கொண்டு கந்தோருக்குத் தொலைபேசி எடுப்பிக்கும் பழக்கமும் வேண்டாம். மதிப்பீடு நடக்கும்போது போட்டியாளர் குழுவைச் செல்வாக்குச் செய்ய முயன்றால் அவருடைய விலைமனுவையே தள்ளலாம். நியாயமான முறைப்பாடு கையில் இருந்தும் இப்படித் தன் காலிலேயே மண்வெட்டி போட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

கோப்பாய்த் தங்கச்சியின் கடிதம் போய் மூன்றாம் வாரம் அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தலைவர் விலைமனு ஆவணத்தைத் தானே எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருமுறை வாசித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "இதில வைத்தியசாலை எண்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. மீள மதிப்பிடும்படி திருப்பி அனுப்பினார்கள்.

மீள மதிப்பிட்டபோது, அதே காரணத்துக்காகத் தள்ளப்பட்டிருந்த இன்னொருவரும் உள்ளே வந்துவிட்டார். அவருடைய விலை தங்கச்சியினதைவிட மாதம் 6,000 ரூபா குறைவு, சம்பளக் கணக்கும் சரியாக இருந்தது. வேலை அவருக்குப் போனது. அவர் முறைப்பாடு எழுதவே இல்லை. திரும்பி வரும்போது ஓட்டோவில் தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. நல்லூரடி தாண்டியபிறகு, "அண்ணை, அடுத்த வருசம் 'இதையொத்த' எண்டு போட்டிருந்தா, அண்டைக்கே கடிதம் குடுப்பம்" என்றார். அடுத்த ஆண்டு ஆவணத்தில் "வைத்தியசாலையில் அல்லது 100 பேருக்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனத்தில்" என்று எழுதியிருந்தார்கள். அவருடைய கல்லூரிச் சான்றிதழ் அதற்குள் சரியாக அடங்கியது.